ஏழாவது கட்டத்தில் ஐம்பது சொற்கள்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. வருமான வரிப் படிவம் ஒன்றில் ஏழாவது கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பித் தரச் சொன்னாள் அக்கா.

"கதை எழுதுறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிற. அம்பது வார்த்தை எழுத மாட்டியாடீ?"

கட்டத்தின் கேள்வி: சொந்தச் செலவில் படித்த மேற்படிப்பு தற்போதைய வேலைக்கு எவ்வகையில் உதவுகிறது?

2

முதல் தொடக்கம். அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாகப் பார்வை சோதிக்கிறாள். இருட்டறை. சுவரில் மிதக்கும் எழுத்துகள். "இது தெளிவா இருக்கா, இதுவா?" (தனக்குத்தானே அவள் கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதான் என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம். இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனாள். உறங்குகிறவர்களின் இமைக்குள் விழிகள் எப்படி அலைகின்றன என்று படித்தாள். சேமிப்பெல்லாம் அதில் கரைந்தது. இமை மூடிய பின் கண் எதைப் பார்க்கிறது என்பது

(இந்த வாக்கியம் முடியவில்லை. அவளுடைய ஆய்வேடும் இங்கேதான் நிற்கிறது.)

3

வரி ஆலோசகர் தொலைபேசியில் சொன்னார்: "இப்ப பாக்குற வேலைக்காகப் படிச்சிருந்தா வரிச் சலுகை உண்டு மேடம். வேற வேலைக்குத் தாவப் படிச்சிருந்தா கிடையாது."

அக்கா தாவத்தான் போகிறாள். உறக்க ஆய்வகம் ஒன்று அவளை அழைத்திருக்கிறது. முதல் ஆறு மாதம் சம்பளம் இல்லை. கட்டிய வரி திரும்பி வந்தால் அந்த ஆறு மாதத்தை ஓட்டிவிடலாம். வராவிட்டால் இருட்டறைதான்.

போவதற்கான பணம், போகமாட்டேன் என்று எழுதினால்தான் வரும்.

(இங்கே இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். சின்ன வயதில் நான் உடைத்ததை எல்லாம் தான் உடைத்ததாகச் சொன்னவள் அக்கா. பொய் அவளுக்கு வரும். தனக்காக வந்ததில்லை.)

4

இந்த வேலைக்காகத்தான் படித்தாள் என்று கடை முதலாளியின் கடிதமும் படிவத்தோடு வேண்டும். கேட்டவுடன் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"எதுக்கும்மா தயங்குற? எவ்வளவு படிச்சாலும் இங்கதானே இருக்கப் போற?"

அக்கா தலையாட்டவில்லை என்கிறாள். இந்தக் கதையின் முதல் பிரதியில் ஆட்டினாள். இதில் அப்படியே நிற்கிறாள். கடிதம் கையில் இருக்கிறது.

5

முடிவு ஒன்று: விழித்த கண்ணைச் சோதிப்பவள் உறங்கும் கண்ணையும் அறிந்திருக்க வேண்டும் என்று ஐம்பது சொற்களில் எழுதினேன். தனித்தனியாக ஒரு சொல்லும் பொய்யில்லை. சேர்த்துப் படித்தால் பொய்.

முடிவு இரண்டு: 'இந்த வேலையை விட்டுப் போகப் படித்தேன்.'

அக்கா இரண்டையும் மாறி மாறிப் படித்தாள். மதிய வெயில் திரைச்சீலை வழியாக வந்து மேசையில் மெல்ல அசைந்தது. அறை முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பது போலிருந்தது.

"முதல்ல எழுதியிருக்கியே, அதைப் படிச்சா அந்த ஆபீசர் தூங்கியே போயிடுவார்டீ."

சிரித்தோம். பிறகு பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ எழுதினா கதை. நான் எழுதினா நான் சொன்னது."

முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினாள். உறையை ஒட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

6

ஆகவே கட்டத்தை உங்களிடம் தருகிறேன். ஐம்பது சொற்கள் வரை இடமிருக்கிறது. எழுதும் முன் ஒன்று. கீழே பொடி எழுத்தில் 'மேலே உள்ளவை உண்மை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அங்கே கையெழுத்துப் போடாமல் அனுப்ப முடியாது.