மனோர் பார்க்கில் ஒரு கமிஷனர்

மனோர் பார்க் முருகன் கோயில் அன்னதான வரிசையில் அண்ணன் சுந்தரராஜன் முன்னும் பின்னும் திரும்பி எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். கோதைக்கு மானம் போயிற்று.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் இன்சூரன்ஸ் கமிஷனராக எட்டு வருஷம் இருந்தவர். கம்பெனிகளைக் கண்காணிக்கிற அந்தப் பதவிக்கும் அங்கே ஜனங்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஒரு கம்பெனி முழுகிவிடக்கூடாதே என்று பிரீமியத்தை ஏற்ற அனுமதித்தார். போன நவம்பர் தேர்தலில் ஜனங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனசு ஆறட்டும் என்று லண்டனுக்குக் கூப்பிட்டால், ஓட்டுக் கேட்டுக் கை கொடுக்கிற பழைய பழக்கமும் கூடவே வந்து இறங்கியிருக்கிறது.

“நான் சுந்தரராஜன். இன்சூரன்ஸ்ல ஏதாவது பிரச்சினை இருக்கா?”

கேட்டவர்கள் சிரித்து நகர்ந்தார்கள். நகுலேஸ்வரி என்கிற இலங்கைப் பெண்மணி மட்டும் நின்றார்.

“ஓம் அண்ணை. பனிக்குள்ள பைப் வெடிச்சு சீலிங் விழுந்திட்டுது. காசு தர ஏலாதெண்டு சொல்லிப்போட்டினம்.”

அவ்வளவுதான். அண்ணன் அவரோடு செருப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, கம்பெனிக்கு அனுப்பவேண்டிய முறையீட்டை அவரே எழுதிக் கொடுத்தார். அவருக்காகக் கோதை வாங்கி வைத்த சாம்பார் சாதம் ஆறிப்போனது.

திரும்பும் ரயிலில் அவளால் பொறுக்க முடியவில்லை. “அந்தம்மாவுக்கு உன் ஊர்ல ஓட்டுக் கிடையாதுண்ணா.”

“தெரியும்மா. எட்டு வருஷமா யார் குறை சொன்னாலும், இந்த ஓட்டு நமக்கா இல்லையான்னுதான் யோசிச்சிருக்கேன். இன்னிக்குத்தான் சீலிங்கைப் பத்தி மட்டும் யோசிச்சேன்.”