பாய் விலகிய பிறகு

“சபையில எழுந்து நின்னு, ‘நான் பொய் சொன்னேன்’னு அவர் வாயால சொல்லணும்.”

ஐலினி இதைச் சொன்னதும் நாடாளுமன்ற நெறிமுறைக் குழுவின் அறையில் கோகோ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். தப்பு செய்தவர் பாயைப் போர்த்திக்கொண்டு வாசலில் மண்டியிட்டு, பாதிக்கப்பட்டவர் அந்த மன்னிப்புப் பாயை விலக்கிய பிறகு மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது. எங்கள் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். காலையில் அவள் கிளம்பும்போது அம்மாவும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். உறுப்பினர் ஃபாமோயே, தம்பி குலத்தலைவராகும் விழாவுக்குச் சீராகப் பன்றிகளையும் பாய்களையும் நாடாளுமன்ற வண்டியில் ஏற்றிப் படகுத்துறைக்கு அனுப்பினார், சவாய் தீவுக்குப் போக. கேள்வி வந்தபோது, தனக்கு ஒன்றும் தெரியாது, ஓட்டுநர்தான் வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போனார் என்று சபையில் சொல்லிவிட்டார். ஓட்டுநருக்கு வேலை போயிற்று. அந்த ஓட்டுநர் ஐலினியின் அப்பா. அந்த வண்டியை ஓட்டித்தான் அவளைப் படிக்கவைத்துப் பட்டம் வாங்க வைத்தார். குடும்பத்தில் முதல் பட்டம்.

போன சனிக்கிழமை விடியலில் ஃபாமோயே தன் ஆட்களோடு வந்து அவர்கள் வீட்டு முன்னால் மண்டியிட்டார். தலையை மூடிய பின்னல் பாயின் மேல் மழை கொட்டியது. மனிதர் அசையவில்லை. அவ்வளவு பெரிய தலைவர், சேற்றில். ஐலினிக்குக் கோபம் ஆறவில்லை, ஆனாலும் அந்தக் குனிந்த முதுகின் மேல் மரியாதை வந்தது. அப்பா இறங்கிப் போய்ப் பாயை விலக்கி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். குத்தலாக ஒரு சொல் இல்லை. அதைவிடப் பெரிய மனசை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

இப்போது குழு, விவகாரம் முடிந்தது என்று அறிக்கை எழுதச் சொல்கிறது. எழுத வேண்டியவள் குழுச் செயலாளர் ஐலினி.

“உங்கப்பாவே மன்னிச்சுட்டாரு. உனக்கு என்னம்மா? படிச்ச திமிரா?” என்றார் உறுப்பினர் தோமாசி.

“திமிருதான் ஐயா. அப்பா மன்னிச்சது அவருக்குப் பண்ணினதை. பொய் சொன்னது சபைகிட்ட. சபை வாசல்ல யாரு மண்டி போட்டா?”

“அங்கேயும் அவரு பாய் போத்திக்கிட்டு உக்காரணுமா? சொன்னா செய்வாரு, பாய்க்குள்ள மைக்குதான் எட்டாது” என்றார் தோமாசி.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எழுந்து நின்னு சொன்னா போதும். சபைக் குறிப்புல எங்கப்பா இன்னும் திருடன்தான்.”

“சொந்தப் பகையைத் தீத்துக்கறா. இவ எழுதினா எவன் நம்புவான்?” தோமாசி மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

அது சுருக்கென்றது. உண்மை என்பதால். விசாரிக்கப்படுபவரோடோ பாதிக்கப்பட்டவரோடோ உறவு உள்ளவர்கள் அதைச் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும் என்ற விதியை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிப்பவளே அவள்தான். யாரும் எழுந்ததில்லை. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், விதிப்படி போனால் நாற்காலிதான் விசாரிக்கணும் என்று சிரித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அவளும்தான் உட்கார்ந்திருந்தாள்.

பேனாவை மேசை நடுவே தள்ளினாள்.

“நீங்க சொல்றது சரி ஐயா. வண்டி ஓட்டினவர் எங்கப்பா. இதை நான் எழுதக் கூடாது. வேற ஆளை வைங்க. நான் வெளியில இருந்து புகார் குடுக்கறேன், சாட்சியும் சொல்றேன்.”

குழுத் தலைவர் சுலுஃபாலே நிமிர்ந்தார். “செயலாளர் வேலை போயிடுமே பொண்ணே.”

“போகட்டும் ஐயா. வீட்டுல அப்பாவுக்கும் பேச்சுத்துணை வேணும்ல.”

செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவைத் திறக்கும்போது தலைவரின் குரல் கேட்டது. “ஃபாமோயே எனக்குச் சித்தப்பா மகன்.” எல்லாருக்கும் தெரிந்ததை முதல்முறையாகச் சொன்னார். ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

ஐலினி திரும்பிப் பார்க்கவில்லை. புகார் வாங்கும் சன்னலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.