விரல் நுழையும் பதக்கம்

நாத்தனார் பட்டறைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கழுத்துத் துணியை ஒதுக்கி, அங்கிருந்த ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு சொன்னாள்: "அண்ணி, இதுக்கு மேல போட்டுக்க ஏதாவது செஞ்சு குடுங்க. இந்தத் துணி வேண்டாம்."

அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுத்து ஐந்து மாதமாகிறது. மூச்சு அந்த ஓட்டை வழியாகத்தான். அதை விரலால் அடைத்தால்தான் காற்று, உள்ளே வைத்த சின்ன வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் போய் மேலே ஏறிப் பேச்சாகும். ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் அவள். விடுப்பு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டும். போன வாரம் சும்மா எட்டிப் பார்க்கப் போனவளின் கழுத்தையே வகுப்பு மொத்தமும் வெறித்ததாம். போவதா, வேலையை விடுவதா என்று அன்றிலிருந்து குழப்பம்.

அண்ணிக்கு வெள்ளியில் வெட்டு வேலை. தகட்டில் படத்தை ஒட்டி, துளை போட்டு, முடி மாதிரியான ரம்பத்தை அதற்குள் கோத்து, வேண்டாததை அறுத்து எடுப்பாள். மிச்சம் நிற்பதுதான் நகை. படம் வரைவது அவள் கணவர், டீச்சரின் அண்ணன். காற்று தாராளமாகப் போக வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டதால் பதக்கத்தின் நடுவில் ஒரு பறவை, அதன் சிறகிலிருந்து விளிம்பு வரை கொடிகள் என்று வரைந்தார். நாலு நாள் வேலை. அறுபத்தோரு துளை. தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்ளாத அண்ணி, இதை மட்டும் ஜன்னலில் பிடித்து மூன்று தடவை பார்த்தாள்.

ஞாயிறு காலை டீச்சர் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாள். மூச்சு முட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தாள், முகம் மலர்ந்தது. எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்க, பதில் சொல்லப் பறவை மேல் விரலை வைத்தாள்.

ஸ்ஸ் என்று காற்றுதான் வந்தது. உள்ளங்கையால் பொத்தினாள். அப்போதும் அதேதான். காற்றுக்கு அறுபத்தோரு வழி இருந்தது.

மூன்று பேரில் ஒருவருக்கும் இது முன்னால் தோன்றியிருக்கவில்லை. கணக்கு டீச்சர் வாயை அடைக்க இவ்வளவு சுலபமான வழி இருக்கிறதே என்றார் அண்ணன். யாரும் சிரிக்காததால் குரலைத் தணித்து, பேசும்போது மட்டும் தூக்கிக்கொள்ளேன் என்றார். டீச்சர் காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: போர்டில் எழுத ஒரு கை, இதைத் தூக்க ஒரு கை, ஓட்டையை மூட ஒரு கை. எனக்கு இருப்பது இரண்டு.

பிறகு பதக்கத்தைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "ரொம்ப நல்லாயிருக்கு அண்ணி. வீட்டுல போட்டுக்கறேன்."

வீட்டில் என்றால் இனி பள்ளிக்கூடம் இல்லை என்று அர்த்தம். அது இருவருக்கும் புரிந்தது.

"பேசறப்ப எந்த விரலை வைக்கிற?" என்றாள் அண்ணி. "அதை நீட்டு."

ஆணியில் தொங்கிய மோதிர அளவு வளையங்களை எடுத்து ஒவ்வொன்றாக அந்த ஆள்காட்டி விரலில் போட்டுப் பார்த்தாள். தாராளமாகக் கழன்ற ஒன்றைப் பதக்கத்தின் நடுவில் வைத்து ஊசியால் சுற்றிக் கீறினாள். பறவையின் தலை, உடம்பு, சிறகு எல்லாம் கோட்டுக்குள் வந்துவிட்டன.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வேறு தகட்டில் புதிதாக வரைகிறேன் என்றார். நாளைக்கு எட்டரைக்கு அவளுக்கு மணி அடித்துவிடும் என்றாள் அண்ணி. பறவை போனால் கொடியெல்லாம் பிடிப்பில்லாமல் தொங்குமே என்றார். அது நியாயமான பேச்சுதான். அதனால் அண்ணி முதலில் உருட்டுக் கம்பியை வளையமாக்கி, ஒவ்வொரு கொடியும் அதைத் தொடுகிற மாதிரி பற்றவைத்தாள். அப்புறம் வளையத்துக்குள் ரம்பத்தை ஓட்டினாள். பறவை ஒரே துண்டாக மடியில் விழுந்தது. அதை எடுத்துப் பார்க்காமல், விரல் படும் விளிம்பை அரத்தால் மழுக்கினாள்.

மத்தியானம் டீச்சர் மறுபடி போட்டுக்கொண்டாள். வளையத்துக்குள் விரலை விட்டு அழுத்தி, எதிரே உட்கார்ந்திருந்த இருவரையும் வகுப்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பாக்கறவங்க எல்லாம் நல்லா பாத்துக்கோங்க. ஒரு நிமிஷம் தரேன். அப்புறம் நோட்டை எடுக்கணும்."

"ஒரு நிமிஷம் பத்துமா?" என்றாள் அண்ணி.

"ஏழாம் வகுப்புக்கு அதுவே ஜாஸ்தி."