மாலை போட்ட மோட்டார்

சீர் வரிசைக்கு முன்னால் டிராக்டர் வந்தது. டிரெய்லரில் அண்டா இல்லை, பீரோ இல்லை. சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்ட சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்று பட்டுத்துணி மேல் படுத்திருந்தது. அதற்கு முன்னால் ட்ரம்செட்காரர்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். பக்கவாட்டில் கட்டிய ஃப்ளெக்ஸில், ‘மருமகள் அனுசுயா காதணி விழாவுக்குத் தாய்மாமன் சீர்’ என்று எழுதி, தன் படத்தையும் மோட்டார் படத்தையும் ஒரே அளவில் போட்டிருந்தான் சசிதரன்.

மண்டப வாசலில் அனுசுயாவின் அம்மா பவானி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். அண்ணனிடம் மோட்டாரைக் கேட்டவள் அவள்தான்.

“அண்டாவ வச்சு நான் என்னண்ணே செய்ய? சீருக்குப் பதிலா ஒரு மோட்டார் குடுத்துரு. யாருக்கும் தெரியாம தோட்டத்துல இறக்கி விட்டுரு” என்று போனில் சொல்லியிருந்தாள்.

பண்ணைப்புரத்துத் தோட்டத்துப் போர்வெல்லில் பழைய மோட்டாரின் காயில் கம்பி எரிந்து கிடந்தது. பந்தலில் திராட்சை மிளகளவு பிஞ்சாக, மிளகுப் பருவத்தில் நின்றது. இந்த நேரம் தண்ணீர் தவறினால் காய் பெருக்காது, உதிர்ந்துவிடும். கம்பம் டவுனில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சசிதரனுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. ஆனால் ‘யாருக்கும் தெரியாம’ என்பது மட்டும் அவன் மண்டைக்குள் போகவில்லை. தாய்மாமன் வெறுங்கையோடு வந்தான் என்று ஊர் பேசுவதை அவனால் தாங்க முடியாது.

பவானியின் கணவன் தங்கப்பாண்டியனுக்கு மலைச்சாமி பெரியப்பா மகன். அவர் டிரெய்லரை எட்டிப் பார்த்தார்.

“ஏப்பா தங்கப்பாண்டி, பிள்ளை காதுல இதையா மாட்டப் போறீக? பாத்துப்பா, காது அந்துறப் போகுது.”

பந்தி வரைக்கும் சிரிப்பு போனது.

“எல்லா மச்சானும் பிள்ளைக்குச் சீர் கொண்டாருவாக. இவென் மச்சான் போருக்குல்ல கொண்டாந்திருக்கான்!” என்று அவரே தொடர்ந்தார்.

தங்கப்பாண்டியன் சிரிக்கவில்லை. மச்சான் மடியில் உட்கார்ந்து மகள் காது குத்திக்கொண்டு அலறியபோதும், பந்தியில் எல்லோரையும் கேட்டுக் கேட்டுப் பரிமாறியபோதும் அவன் முகம் இறுகியே இருந்தது. வீட்டுக் கூடத்தில் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டுக் கடைசி ஆளும் போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

“இத எடுத்துட்டுப் போகச் சொல்லு.”

“எங்க எடுத்துட்டுப் போக? போர்ல இறக்குங்க.”

“என் தோட்டம் காஞ்சு கெடக்கு, நான் வக்கத்துப் போனேன்னு ட்ரம்செட் வச்சுல்ல சொல்லீட்டுப் போயிருக்கான் உங்கண்ணன்.”

“தோட்டம் காயலையா? அங்கன போயி ஒரு கொத்தத் தொட்டுப் பாருங்க. கையோட வருது.”

“நான் வாங்க மாட்டேனா? சொல்லி வச்சிருக்கேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீக. கார்த்திகையில சொன்னீக.”

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பவானியும் விடவில்லை.

“அண்டா வந்திருந்தா வாய மூடிட்டு வாங்கி வச்சிருப்பீக. பரண்ல ஏற்கெனவே அடுக்க எடமில்ல. அது மருவாதி. தண்ணி எறைக்கிற சாமான் அவமானமா?”

“ஆமா, அவமானந்தான். அண்டா எதுக்கும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? அதுனாலதான்டி அது சீரு. இவனுக்கு ஒரு கொறையும் இல்ல, ஆனாலும் ஆசைக்குக் குடுக்கோம்னு அர்த்தம். வேணுங்கிறதப் பாத்துக் குடுத்தா அது சீர் இல்ல, உதவி. என் பிள்ளை காதுகுத்துல, ஊரக் கூட்டி வச்சு, எனக்கு உதவி பண்ணீட்டுப் போறானா அவென்?”

அவன் சொன்னதில் ஏதோ நியாயம் இருந்தது. அது அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

“அந்த அர்த்தத்தக் கொண்டு போயி கொடிக்கு ஊத்துங்க. பச்ச புடிக்குதான்னு பாப்போம்.”

“என் போர்ல அது இறங்கக் கூடாது. அம்புட்டுத்தான்.”

மோட்டார் கூடத்திலேயே கிடந்தது. டேங்கர் தண்ணீர் கொண்டுவந்து விட்டான் தங்கப்பாண்டியன். அது இரண்டு வரிசைக்குக்கூடப் போதவில்லை. வெயில் ஏற ஏற இலைகள் ஓரம் சுருண்டன. பந்தலுக்கு அடியில் உதிர்ந்து கிடந்த பிஞ்சுகளைப் பார்த்தபோது, பவானிக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“ஏண்ணே, மறைவா இறக்குன்னா மாலையாப் போட்டு வருவ?”

“ஏத்தா, அம்புட்டுப் பெரிய சாமான மறைவாக் குடுக்க நான் என்ன திருடனா? தங்கச்சி மகளுக்கு என்ன சீர் செஞ்சன்னு கம்பத்துல ஆளாளுக்குக் கேப்பாக. ஒண்ணும் செய்யலைன்னு சொல்லவா?”

“உனக்கும் ஒம் மூஞ்சிதான் பெருசு, அவுகளுக்கும் அவுக மூஞ்சிதான் பெருசு. திராட்ச எனக்கு மட்டுந்தான் போல.”

போனை வைத்துவிட்டு, போர் ஆட்களைக் கூப்பிட்டாள். அவர்கள் மறுநாள் வருவதாகச் சொன்னார்கள்.

காலையில் இட்லியை வைத்துவிட்டுக் கணவனிடம் நேராகவே சொன்னாள். “இன்னைக்கு மோட்டார இறக்கப் போறேன். தடுக்கணும்னா அங்கன வாங்க.”

அவன் பாதி இட்லியோடு தட்டிலேயே கையைக் கழுவினான்.

தோட்டத்தில் போர் ஆட்கள் குழிக்கு மேல் இரும்பு முக்காலி நிறுத்திச் சங்கிலி மாட்டினார்கள். மூத்தவர் மட்டும் தயங்கினார்.

“தங்கப்பாண்டி அண்ணன் இல்லாம இறக்கலாமாக்கா?”

“பட்டாவுல எம் பேரும் இருக்கு. இறக்குங்க.”

மோட்டாரும் பைப்புகளும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. தங்கப்பாண்டியன் எப்போது வந்தான் என்று பவானி கவனிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தான். வந்து சண்டை போடட்டும் என்று அவள் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். அவன் அசையவில்லை.

திடீரென்று கத்தினான். “ஏலே! கேபிள அப்பிடியா கட்டுவாக? பைப்புல உரசித் தோல் போயிரும்ல!”

ஒரே தாவாகத் தாவி வந்து, அந்த ஆளை விலக்கிவிட்டுத் தானே கேபிளை இழுத்துக் கட்டினான். பவானியின் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த பைப்பையும் அவன்தான் பிடித்து இறக்கினான்.

த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டரை அழுத்தினான். முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு தெளிந்த தண்ணீர். போர் ஆட்கள் கையைக் கழுவிக்கொண்டு நிழலுக்குப் போனார்கள்.

“கொடிக்காகத்தான் பாய்ச்சுறேன். உங்கண்ணன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்” என்றான் தண்ணீரைப் பார்த்தபடி.

“மிதிக்காதீக.”

“எனக்கு எப்பிடி எரியுதுன்னு உனக்குத் தெரியாது.”

“தெரியும். சீரும் உதவியும் ஒண்ணில்லன்னு சொன்னீகள்ல, அது சரிதான். சரிதான்னு தெரிஞ்சும் இறக்குனேன் பாருங்க, எனக்கு அதுலதான் எரியுது. என்னைய இந்த எடத்துல கொண்டாந்து நிப்பாட்டீட்டீகளே, ரெண்டு பேரும்.”

அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான்.

“என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?”

“உங்ககிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் அங்க போனேன்.”

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்கு வால்வுப் பக்கம் நடந்தான். நாலடி போனவன் நின்று, திரும்பாமலே கையை நீட்டிக் காட்டினான்.

“கெழக்கு வால்வு அந்தத் தூணுக்குப் பின்னால இருக்கு. மெதுவாத் தொற. ஒரேயடியாத் தொறந்தா பைப்பு வெடிச்சிரும்.”

“தெரியும்.”

“தெரியாது உனக்கு. மெதுவாத் தொறன்னா மெதுவாத் தொற.”

அவள் போய்க் குனிந்து வால்வைத் திருகினாள். சொட்டுக் குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் காலடியில் ஓடியது. கொட்டியது போக மிச்சம் இருந்த பிஞ்சுகள் பிழைக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொடிகளின் ஊடே, பந்தலின் அந்தக் கடைசியில் அவனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

“வருதா?” என்று அங்கிருந்து கத்தினான். குரலில் சூடு கொஞ்சமும் தணிந்திருக்கவில்லை.

“வருது!” என்று அதே சூட்டோடு பவானியும் கத்தினாள்.