லைன்மேன் வீட்டு விளக்கு

மாமியாரிடம் நல்ல பேர் வாங்குவது குதிரைக் கொம்பு என்பார்கள். மாப்பிள்ளைக்கு அந்தக் கொம்பு கல்யாணமான புதிதிலேயே கிடைத்துவிட்டது. ஒரே சாயங்காலத்தில் அதைத் தொலைத்தும் விட்டார்.

அவருடைய வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. பைத்தியம் வேறொன்றின் மேல். அவர் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கடைகளிலிருந்து காணாமல் போன ஒரு வீடியோ கேம் பெட்டி உண்டு. டி.வி.யில் மாட்டி, பெட்டியின் தலையில் கேசட்டைச் செருகி ஆடுவது. அந்தப் பெட்டிக்கு இன்றைக்கும் வீட்டில் உட்கார்ந்து புதுசு புதுசாக கேம் எழுதுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு ஹாலில் கூடி, ஒருவர் செய்ததை இன்னொருவர் ஆடிப் பார்த்துக் குறை சொல்வார்கள். மாப்பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். சொந்தமாகச் செய்ததைவிட அவர்களுக்கு ஒரு படி உசத்தியான பொருள் ஒன்று உண்டு: அந்தக் காலத்தில் பாதியில் நின்று, கடைக்கே வராமல் போன கேமின் மாதிரிக் கேசட். அதைத் தேடி ஊர் ஊராக அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளை அலையவில்லை. அவர் பெண் எடுத்த வீட்டு அலமாரியிலேயே ஒன்று இருந்தது.

மாமியாரும் மாமனாரும் இளவயதில் ஒரே கேம் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நிரல் எழுதியது மாமியார், படம் போட்டது மாமனார். ஊர் முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது; ஒரு லைன்மேன் கம்பம் கம்பமாக ஏறி, வீடு வீடாக வெளிச்சம் கொண்டுவருகிறான்; கடைசியில் தன் வீட்டுக்குப் போய் ஸ்விட்சைப் போடுகிறான். இதுதான் கேம். துப்பாக்கி இல்லை, பூதம் இல்லை. கேம் கடைக்குப் போகுமுன் கம்பெனி மூடிவிட்டது. பிறகு இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாமியார் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனார். மாமனார் பாடப்புத்தகங்களுக்குத் தவளையின் இதயமும் பூவின் குறுக்குவெட்டும் வரைந்தே ஓய்வு பெற்றார்.

கம்பெனி மூடியதற்கு முதலாளிக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். மாமியாருக்கு ஒரே காரணம்தான்.

"கடைசிப் படத்தை இவர் குடுக்கவே இல்ல. லைன்மேன் ஸ்விட்சப் போட்டா ரூம்ல வெளிச்சம் வருது, ஆள் அரவமே இல்ல. வெறும் சுவரு. அதுக்காகத்தான் காத்துக் கெடந்தோம். இழுத்து மூடிட்டாங்க."

"குடுத்தேன். நீதான் சேக்காம விட்டுட்ட" என்பார் மாமனார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வழக்கு இது. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் இதில்தான் வந்து முடியும். மகள் கல்யாணத்தன்றுகூட மேடைக்குப் பின்னால் ஒரு வாய்தா நடந்ததாகக் கேள்வி.

தீர்ப்புக்கு வழி சொன்னவர் மாப்பிள்ளைதான். கேசட்டுக்குள் இரண்டு சிப். ஒன்றில் நிரல், மற்றதில் படங்கள். படச் சிப்பைப் படித்துப் பார்த்தால் கடைசிப் படம் அதில் இருக்கிறதா இல்லையா என்று பட்டென்று தெரிந்துவிடும். "படிச்சுக் குடுத்துடறேன் அத்தை, கவலைய விடுங்க" என்று வாயைக் கொடுத்தார். மாமியார் கேசட்டைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைக் கொடுப்பது போல் கொடுத்தார்.

அந்தக் காலத்துச் சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி இருக்கும். அதன்மேல் புற ஊதா விளக்கை அடித்தால் உள்ளே எழுதியதெல்லாம் அழிந்து, சிப் மறுபடி புதுசாகிவிடும். மாப்பிள்ளை மாதிரி ஆட்கள் தங்கள் கேம்களைச் சோதிக்க இதே சிப்புகளைத்தான் திரும்பத் திரும்ப எழுதி அழிப்பார்கள். அதற்கென்றே அவர் மேசையில் ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறது. தப்பித் தவறி வெளிச்சம் படாமலிருக்கத்தான் கண்ணாடி மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது. மாமியார் கொடுத்த கேசட்டின் சிப்புகளில் ஸ்டிக்கர் தொட்டதுமே உதிர்ந்தது. பசை அத்தனை பழசு.

நிரல் சிப்பைப் படித்துப் பத்திரப்படுத்தியாயிற்று. படச் சிப்பைக் கையில் எடுத்தபோது போன் வந்தது. ஏதோ ஆபீஸில் லிஃப்ட் நின்று, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டாராம். சிப்பைப் பக்கத்திலிருந்த தட்டில் வைத்துவிட்டு ஓடினார். சாயங்காலம் திரும்பி வந்தவர், வழக்கம் போல அந்தத் தட்டைத் தூக்கி அப்படியே விளக்குப் பெட்டிக்குள் தள்ளினார். தட்டு முழுக்க அழிப்பதற்காக அவர் வைத்திருந்த சிப்புகள். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் எல்லாச் சிப்பும் ஒரே முகம்.

ஞாபகம் வந்து பெட்டியைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. படித்துப் பார்த்தார். வோல்டேஜைக் குறைத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. யானை வாயில் போன கரும்பு.

"நீங்களே சொல்லிடுங்க. எனக்கு இதுல சம்பந்தமில்ல" என்றாள் மனைவி. ஆனாலும் பாவம் பார்த்து, அப்பா அம்மாவை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொன்னது அவள்தான். 

மாப்பிள்ளை சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவருக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லி, வெற்றுச் சிப்பை மேசையில் வைத்தார்.

மாமியார் வெடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தார். அவர் சிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருந்த ஒரே சாட்சி. அதையும் கலைச்சுட்டீங்க" என்று மட்டும் சொன்னார்.

மாமனார் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியாரின் பாதி பத்திரமாக இருக்கிறது. போனது முழுக்க மாமனாருடையது. வழக்கில் எதிரி என்றே பேசிப் பேசி, அவரும் அதில் தன் இளமையைப் போட்டிருந்தார் என்பதை எல்லாருமே மறந்திருந்தார்கள். மாப்பிள்ளை பின்னாலேயே போனார். 

"மாமா, திரும்பவும் போட்டுடலாம். எந்தப் படம் எங்க வரும்னு அத்தையோட நிரல்ல இருக்கு. நீங்க வரைஞ்சா போதும்."

"தவளைய வேணா வரைஞ்சு தரேன்" என்றார் மாமனார். "அதெல்லாம் ஒரு வாட்டிதான் வரும், மாப்பிள்ளை. போனது போச்சு." கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் மாமியார் தனியாக வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பழைய நிரலை மேலிருந்து கீழே படித்தார். சில இடங்களில் "யாருடி இதை எழுதுனது, கெட்டிக்காரி" என்று தன்னையே மெச்சிக்கொண்டார். கம்பத்துக்கு எத்தனை கட்டம், கூரைக்கு எத்தனை, லைன்மேன் நடக்க எத்தனை படம் என்று சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை வெற்றுக் கட்டங்களை அமைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, மாமியார் லைன்மேனை வரைய ஆரம்பித்தார்.

அதை வரைதல் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதை அப்படியே திரையில் விட்டுவிட்டு, அன்று சாயங்காலம் கணவரை வரவழைத்தார்.

மாமனார் கண்ணாடியை மூக்கில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். "என்ன இது? கரப்பான் பூச்சி ஏணி ஏறுதா?"

"உங்க லைன்மேன்தான். எனக்கு வந்தது அவ்வளவுதான்."

"இவனா? இவன் இடுப்புல பெல்ட்டு எங்க? பெல்ட்டு இல்லாம கம்பம் ஏறுனா செத்துப்போவான்." மாமியாரைத் தள்ளி உட்காரச் சொல்லி மவுஸைப் பிடித்தார். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நாலு புள்ளி வைத்தார், ரெண்டு புள்ளி எடுத்தார். கரப்பான் பூச்சிக்கு இடுப்பு வந்தது, பெல்ட் வந்தது, களைப்புக்கூட வந்தது. மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஏதோ முக்கியமாக நடப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் அந்த அறை ஒரு கம்பெனி மாதிரி ஆயிற்று. மகள் வாய்விட்டே சொன்னாள், அப்பா இவ்வளவு பேசி அவள் பார்த்ததே இல்லை என்று. கூரை சாய்வு பற்றிச் சண்டை, பூனை தேவையா என்று சண்டை. பழைய படங்கள் அப்படியே திரும்பி வந்தன என்று சொன்னால் பொய். சில வேறாக வந்தன. சில மேலாக வந்தன. மாமனாரின் பழைய லைன்மேனுக்கு மீசை இருந்ததாம். இவனுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார். 

கடைசி அறையின் படத்துக்கு மாமியார் அந்தக் காலத்திலேயே நிரலில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். அந்தக் கட்டங்கள் மட்டும் மிஞ்சின. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை; திறந்தால் வழக்கு மறுபடி எழுந்துகொள்ளும். ஒருநாள் மாமனார், "அத நான் வீட்ல வெச்சு முடிச்சு எடுத்தாரேன், மாப்பிள்ளை" என்றார். பென் டிரைவில் எடுத்து வந்தார். மற்றவர்கள் பார்க்குமுன் சேர்த்துவிடச் சொல்லி, தானும் கூடவே நின்றார்.

புதுச் சிப்பில் எழுதி, ஸ்டிக்கர் ஒட்டி, பழைய கேசட்டில் பொருத்திப் பெட்டியில் செருகினார்கள். ஆடுவதற்கு மாமியார் உட்கார்ந்தார். வேறு ஆள் கிடையாது; மாமனார் மூன்றாவது கம்பத்திலேயே விழுகிற ரகம், மாப்பிள்ளை அதற்கு ஒரு கம்பம் மேல். மாமியாரின் விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தெரு தெருவாக வெளிச்சம் வந்தது. கடைசியில் லைன்மேன் தன் வீட்டுப் படியேறி, இருட்டுக்குள் நுழைந்து, ஸ்விட்சைப் போட்டான்.

அறை வெளிச்சமானது. மேசை முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மேசையில் சின்னத் திரை. கொண்டையில் குறுக்கே செருகிய ஒரு பென்சில். 

"அம்மா, இது நீதானே" என்றாள் மகள். மாமியாருக்குப் பென்சிலைக் கொண்டையில் செருகுகிற பழக்கம் இன்றைக்கும் உண்டு. அந்த நிமிஷமும் அவர் கொண்டையில் ஒன்று இருந்தது.

மாமியார் திரும்பவில்லை. "இது இப்பப் போட்டதா?"

"அன்னிக்கே போட்டது" என்றார் மாமனார். "இப்ப ஞாபகத்துலேர்ந்து எடுத்தேன்."

"அன்னிக்கே போட்டீங்கன்னா ஏன் குடுக்கல?"

"எப்படிக் குடுக்கறது? குடுத்தா நீதான் கட்டம் கட்டமா உள்ள ஏத்தணும். உன் முதுக நீயே ஏத்திட்டு இருக்கறப்ப நான் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது? அப்பல்லாம் நீ எங்கிட்ட வேலையத் தவிர ஒரு வார்த்த பேசுனதில்ல. எனக்கு உன் முதுகுதான் தெரியும்." 

"கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்குள்ள நீ கேஸ் போட்டுட்ட."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாரின் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "அப்ப லேட்டு பண்ணது நீங்கதான்" என்றார்.

"நான்தான்."

இத்தனை வருடம் நடந்த வழக்கில் ஜெயித்தவர் மாதிரியே மாமியார் பேசவில்லை. "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். "இத நாலு சிப்புல ஏத்தி வைங்க. அந்த லைட்டுப் பெட்டி இந்த ரூம்ல இருக்கவே கூடாது." 

"இப்பவே தூக்கறேன் அத்தை."

அந்த அறைக்குக் குறுக்கு வழி எதையும் மாமியார் அந்தக் காலத்தில் நிரலில் எழுதி வைக்கவில்லை. அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமானால், முதல் கம்பத்திலிருந்து ஒவ்வொரு வீடாக விளக்கேற்றிக்கொண்டுதான் வரவேண்டும். மாமியார் கொண்டையிலிருந்த பென்சிலைச் சரியாகச் செருகிக்கொண்டு, முதல் கம்பத்துக்குப் போனார். மாமனார் தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.