துடிப்பு தெரியும்வரை

முந்திரித் தொழிற்சாலை மூடிய பிறகு ரெமணிக்கு எந்த வேலையும் ஒட்டவில்லை. துணிக்கடையில் நின்று பார்த்தாள், கால் வீங்கியது. கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள், மழைக்காலம் வந்ததும் அதுவும் நின்றது. கொட்டாரக்கரை சாலையில் ஒரு வைத்தியசாலையில் வர்ம சிகிச்சை பழக ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றாள். நாற்பத்து மூன்று வயது. உடன் சேர்ந்ததெல்லாம் இளம்பெண்கள். பாடம் எடுத்த அனுபமா டாக்டருக்கே முப்பது இருந்தால் அதிகம்.

பாடம் அவளுக்குச் சுலபமாகவே ஏறியது. ஆயுர்வேதக் கணக்குப்படி உடம்பில் வர்மங்கள் நூற்றேழு. ஒவ்வொன்றையும் நோயாளியின் விரலகலத்தால் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். குட்டையானவருக்கு அவர் விரல், நெட்டையானவருக்கு அவர் விரல். துணியை அளந்து வெட்டுவதுபோல இதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. ரெமணிக்கு அது பிடித்திருந்தது.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வறுத்த முந்திரிக்கொட்டையைப் பல வருஷம் தட்டி உடைத்ததில், ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் அவள் விரல் நுனிகளைத் தின்றிருந்தது. தோல் ஆறிவிட்டது, உணர்ச்சி திரும்பவில்லை. தேநீர் சுடுகிறதா என்பதை உதட்டில் வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். கேட்டால் சொல்லலாம் என்றிருந்தாள். யாரும் கேட்கவில்லை.

கை, கால், முதுகு வரை பிரச்சினை வரவில்லை. பெரிய தசைகள், உடம்புப் பாரத்தைச் சரியாக இறக்கினால் போதும். அவளுக்கு ஜோடியாக வாய்த்தவள் சீனத். வாயாடி.

"சேச்சி கை வெச்சா எருமைகூடத் தூங்கிடும்" என்பாள் குப்புறப் படுத்தபடி.

"எருமைதான் இப்ப படுத்திருக்கு" என்பாள் ரெமணி.

கழுத்துப் பாடம் வந்தது. அனுபமா டாக்டர் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "யாரும் அழுத்தக் கூடாது. விரல சும்மா வைங்க. துடிப்பு தட்டுப்பட்டதும் நிறுத்திடுங்க. இன்னைக்கு அவ்வளவுதான்."

சுற்றிலும் "கிடைச்சுது", "எனக்கும்" என்று குரல்கள் எழுந்தன. ரெமணிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விரலைக் கொஞ்சம் உள்ளே இறக்கினாள். கிடைக்கவில்லை. மறுபக்கத்திலும் வைத்தாள். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். சீனத் "சேச்சி" என்று ஏதோ சொல்ல வந்தாள், பாதியில் குரல் அடங்கியது. தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

டாக்டர் ஓடிவந்து ரெமணியின் கையைத் தட்டிவிட்டார். சீனத்தின் கால்களைத் தூக்கிப் பிடித்தார். சற்று நேரத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"நான் தூங்கிட்டேனா?"

அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் ரெமணியைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கண்ணை மூடச் சொன்னார். துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கு ஒன்று அவர் கையில் இருந்தது.

"இப்ப தொடுறேனா?"

"ஆமா."

"இப்ப?"

"ஆமா, கட்டை விரல்ல."

கண்ணைத் திறந்தபோது ஈர்க்கு அவள் விரலருகில்கூட இல்லை, மேசைமேல் கிடந்தது.

"எப்போலேருந்து?"

"பாக்டரில இருந்தப்பவே."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சேத்துருப்பீங்களா?"

டாக்டர் யோசித்தார். "மாட்டேன்" என்றார். "ஆனா அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா, நீங்களும் நானும் இப்படி உக்காந்து பேசிட்டிருக்க மாட்டோம், சேச்சி. வீட்டுக்குப் போங்க. கூப்பிட்டா வாங்க."

கணவன் சுகதன் கள்ளுக்கடையில் சமையல்காரன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கழுத்த நெரிக்கவா இவ்வளவு தூரம் படிக்கப் போன? எங்கிட்டயே பழகியிருக்கலாமேடி" என்றான். அவள் மரவள்ளியை மத்திக் குழம்பில் பிசைந்து தின்றாள். அவன் கிண்டலை நிறுத்திவிட்டு இன்னொரு மீனை அவள் தட்டில் வைத்தான்.

மறுநாள் சீனத்தின் வீட்டுக்குப் போனாள். சீனத்தின் உம்மா தேநீரைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"உம்மாவுக்குக் கோபம்" என்றாள் சீனத். "எனக்கு இல்ல. ஆனா சேச்சி, கழுத்த மட்டும் இனிமே தரமாட்டேன்."

"நானும் கேக்கமாட்டேன்."

ரெமணி அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. நேராக டாக்டரிடம் போய், உள்ளங்கையின் அடிப்பகுதிக்கும் முன்கைக்கும் முழங்கை முட்டிக்கும் உணர்ச்சி நன்றாக இருக்கிறது, மிதித்து உருவுவதற்குக் காலுக்கும் இருக்கிறது, வேண்டுமானால் ஈர்க்கை வைத்துப் பாருங்கள் என்றாள். டாக்டர் பார்த்தார். கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் பார்த்தார்.

"கை, கால், முதுகு. வேற எங்கயும் தொடக் கூடாது. சான்றிதழ்லயும் அப்படித்தான் எழுதுவேன். சம்மதமா?"

"சம்மதம்."

வாயால் சொல்லிவிட்டாளே தவிர, மனசு அவ்வளவு சீக்கிரம் இறங்கிவரவில்லை. மற்றவர்கள் தலைக்கான பாடத்துக்கு உள்ளே போகும்போது அவள் வெளியே எண்ணெய்த் துணிகளை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தாள். கதவு மூடும் சத்தம் ஒவ்வொரு தடவையும் உறைத்தது. அந்த நேரங்களில் முன்கையாலேயே முழங்காலின் பின்புறத்தைத் தேடப் பழகினாள், தன் காலிலேயே. பரீட்சையில் கை, கால், முதுகில் தேறினாள். மீதிக்கு நேரே ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

அதே வைத்தியசாலையில் ரெமணிக்கும் சீனத்துக்கும் வேலை கிடைத்தது. ஓணம் கழிந்த பிறகு நீண்டகரைத் துறைமுகத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். வலை இழுத்து இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டவர். ரெமணி மூலிகைத் தைலத்தைச் சூடாக்கி, முன்கையால் இடுப்பெலும்பின் ஓரத்தைத் தேடி, மெல்ல இறங்கினாள். சில நாளில் மனிதர் கைத்தாங்கல் இல்லாமல் எழுந்து நின்றார்.

"கை ராசியான கை. அப்படியே தலைக்கும் ஒரு பிடி பிடிச்சு விடு. ஒத்தத் தலைவலி உயிர வாங்குது."

"அது நான் செய்யமாட்டேன், அண்ணா."

"செய்யமாட்டியா? தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப என்ன வைத்தியச்சி நீ?"

"கழுத்துக்குக் கீழ உள்ள வைத்தியச்சி."

அவர் நம்பாமல் பார்த்தார். வேண்டுமென்றே சொல்கிறாள் என்று நினைத்திருக்கலாம். ரெமணி சீனத்தைக் கூப்பிட்டுவிட்டு, பயற்றம் மாவால் கையைத் தேய்த்துக் கழுவினாள். அடுத்த கட்டிலில் கணுக்கால் சுளுக்கிய ஒருத்தி, எப்போது வருவாள் என்று இவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.