மெய்ராமின் மூன்றாவது உரிமை

முப்பத்தோரு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். அங்கோர்வாட் கோபுரங்களைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து விரல்தான் தேய்ந்தது. ஓய்வு பெற்றதும் கம்போடியா போயே தீருவது என்று நின்றேன். எங்கள் கசாக் நாட்டுத் தாராஸ் நகரத்திலிருந்து ஒரு குழு கிளம்புகிறது. மிச்சம் இருந்தது இரண்டே இடம், எனக்கும் என் கணவர் செர்கெபாய்க்கும்.

மனிதர் பிடி கொடுத்தால்தானே. ஒரு மாதமாகத் தினம் ஒரு சாக்கு.

"அந்த வெயில்ல நான் வெந்துடுவேன்" என்றார். தொப்பி வாங்கி வந்தேன்.

"அங்க குதிரைக்கறி கிடைக்காதே."

"பத்து நாள் மீன் தின்னா ஒண்ணும் ஆயிடாது" என்றேன். எனக்கு ரத்தம் கொதித்தது.

மறுநாள் காலை பெயர் கொடுத்தாக வேண்டும் என்றிருந்த மாலை, பனியை உதறிக்கொண்டு மெய்ராம் வந்தான். என் நாத்தனார் மகன், நாற்பது வயதுத் தடியன். இரண்டு கிண்ணம் டீ உள்ளே போனதும் தொண்டையைச் செருமினான்.

"மாமா, அக்கா மகன்ங்கிற உரிமையில ஒண்ணு கேக்கறேன்."

எங்கள் கசாக்குகளில் அக்காள் மகன் அப்படிக் கேட்டால், மூன்று முறை வரை மாமன் மறுக்கக்கூடாது. மறுத்தால் வீட்டுக்கு ஆகாது. இவன் கேட்ட முதல் முறை ஒரு குதிரைக்குட்டி போயிற்று. அடுத்த முறை என் மாமனாரின் வெள்ளிச் சேணம்.

"கம்போடியாவுக்கு நானும் வர்றேன்."

செர்கெபாய் உடனே பெருமூச்சு விட்டார். "என்ன பண்றது கலம்பிர், கேட்டுட்டான். இருக்கறதோ ரெண்டு இடம். இந்த வருஷம் விட்டுடுவோம். அடுத்த வருஷம் மூணு இடமா பாத்துப் போகலாம்."

கேட்டவன் தலையே நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"மெய்ராம், யாரு சொல்லிக் குடுத்தது?"

"அத்தை, என்மேல கோவப்படாதீங்க. மாமாதான் போன் பண்ணி, வந்து கேளுடான்னாரு."

அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"சரி. நீ கேட்டது மாமன்கிட்ட. மாமன் தன் பங்கைத்தான் குடுக்கணும், பொண்டாட்டி பங்கை இல்ல. காலையில பாஸ்போர்ட்டோட வந்துடு."

மெய்ராம் நம்பாமல் என்னைப் பார்த்தான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு ஓடியே போனான், நான் மனம் மாறுவதற்குள்.

செர்கெபாயின் கையில் டீ ஆறிப்போயிருந்தது. "என்னை விட்டுட்டா போகப்போறே?"

"நீங்கதானே என்னை விட்டுட்டீங்க."

"நேரா வரலைன்னு சொன்னா உனக்கு வருத்தமா இருக்கும்னுதான்..."

"இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்கா?"

நான் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். போகத்தான் போகிறேன், யார் தடுத்தாலும் போவேன். ஆனால் அந்தக் கோபுரத்தடியில் நின்று, "பாத்தீங்களா, நான் வரைஞ்சது சரியா இருக்கா" என்று கேட்க நினைத்தது இந்த மனிதரிடம்தான்.